மூடி போடாத படம்

ஆலஞ்சிவிளையில் தேனீ ஒன்று அந்தரத்தில் நின்றது ஜனவரி பன்னிரண்டாம் தேதி, மதியம் இரண்டு இருபதுக்கு. மணியில் சந்தேகம் வேண்டாம். மினிபஸ் வந்து நிற்கிற நேரம் அது, இறங்கிய பதினோரு பேரும் சாட்சி. பஸ் நிறுத்தத்திலிருந்து தேவாலயத்துக்குப் போகிற மண்பாதையின் நடுவில், நெஞ்சு உயரத்தில், இரண்டு பக்கமும் சிறகை விரித்தபடி, கீழே ஒரு பிடிமானமும் மேலே ஒரு நூலும் இல்லாமல் அது நின்றுவிட்டது. நிற்கச் சொன்னது ஸ்டுடியோ தாசையன். அவர் சொன்னால் யாரும் நிற்பார்கள் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான் என்பதால், பதினோரு பேரும் சுற்றி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோறு ஆறிவிடும் என்று வீட்டுக்குப் போனார்கள்.

தாசையனின் சொல்லுக்கு அப்படி ஒரு பலம் இருந்தது. முப்பது வருஷமாக எங்கள் ஊரையே தன் ஸ்டுடியோவின் நீலத் திரைக்கு முன்னால் ஒவ்வொருவராக உட்கார வைத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு காதும் தெரியவேண்டும் என்று முடியை ஒதுக்கி, "அசையாதீங்க" என்று அவர் சொன்னால், பல் முளைக்கிற பிள்ளை அழுகையைப் பாதியில் நிறுத்தும், குடித்துவிட்டு வந்தவன் தள்ளாட்டத்தை நிறுத்துவான், வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவனின் மனைவி கண்ணீரைக் கண்ணுக்குள்ளேயே நிறுத்துவாள், சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றிச் சொந்தங்களை நிறுத்திப் படம் எடுக்கும்போது பெட்டிக்குள் இருப்பவர்தான் எல்லாரையும்விட ஒழுங்காகக் கேட்பார். படம் முடிந்ததும் அவர் "ஆச்சு" என்பார். உடனே "ஒண்ணே ஒண்ணு" என்பார். பிறகு மறுபடி "ஆச்சு", மறுபடி "ஒண்ணே ஒண்ணு." இந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள், லென்ஸில் டக்கென்று மூடி விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சை விடுவார்கள். "எனக்க கையால முகம் கெட்ட படம் ஒருத்தருக்கும் குடுத்தது கிடையாது" என்று தாசையன் எங்கே வேண்டுமானாலும் சொல்வார், யாரும் கேட்காமலே சொல்வார்.

அவர் சொல்லைக் கேட்காத ஒரே ஜாதி தேனீ. மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவனுக்குத் தேனீயைத் தெரியாமல் இருக்காது, வீட்டுக்கு வீடு ரப்பர் மரத்தடியில் மரப்பெட்டியில் வளர்ப்பதுதானே. ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள் கிராம்புக்குள் இருக்கிற அழகைப் படம் பிடிக்கிறேன் என்று ஆரம்பித்து, எறும்புக்கு வந்து, எறும்பிலிருந்து தேனீயில் மாட்டிக்கொண்டார். கடையில் விற்கிற லென்ஸ் எதற்கு என்று எல்லாவற்றையும் தானே செய்தார். கல்யாண வீட்டுக் கேமராவின் முன்னால் ஒரு சாண் பிளம்பிங் பைப், அதன் நுனியில் பழைய லென்ஸ் ஒன்றை முன்பின்னாகத் திருப்பி வைத்து, கழன்று விழாமல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, வெயில் நேராக அடிக்காமலிருக்கப் பால் கவரைக் கழுவிக் கம்பியில் விரித்துக் கட்டி, அந்தக் கோலத்தில் அவர் செடி செடியாகக் குனிந்து போவதைப் பார்த்தால் மருந்தடிக்கிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பைப்புக்குள் தெரிந்தது வேறு உலகம். தேனீயின் கால் பலாக்காயின் முள்ளாகத் தெரிந்தது, அதில் ஒட்டிய மகரந்தம் ஒவ்வொரு மணியாக எண்ணத் தெரிந்தது.

ஒரே ஒரு குறை. அந்தப் பைப்பில் பார்த்தால் ஒரு முடியின் கனத்துக்குத்தான் தெளிவு கிடைக்கும். கண் தெளிந்தால் மீசை கலங்கும், சிறகு தெளிந்தால் முதுகு கலங்கும். ஈ முழுதும் தெளிய வேண்டுமென்றால், முடி முடியாகக் கேமராவை நகர்த்தி நூற்றுச் சொச்சம் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதுவரை எந்த ஈ நிற்கும்? செத்த ஈயை எடுத்து வைத்து எடுக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, செத்தவர் படம் எடுத்து எனக்கு அலுத்துவிட்டது என்றார். நாலு வருஷம் தேனீக்களிடம் கெஞ்சினார், அதட்டினார். ஜனவரி பன்னிரண்டாம் தேதி, நீளமான உடம்போடு ஒரு ஈ பாதையின் குறுக்கே தாழப் பறந்து வந்ததைப் பார்த்ததும், எதையும் யோசிக்காமல், ஸ்டுடியோவில் சொல்கிற அதே குரலில் "அசையாதீங்க" என்றார். அது நின்றது.

ஊர் முதல் நாள் பார்த்தது, மறுநாள் பழகிவிட்டது. மினிபஸ் டிரைவர் பின்னால் எடுக்கும்போது ஓடைப்பக்கமாக ஒடித்துத் திருப்பப் பழகினார், வார்டு மெம்பர் நாலு கமுகங்கம்பு நட்டுக் கயிறு கட்டினார், போதகர் ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்புகளை வாசித்த கையோடு "பாதையில் ஈ இன்னும் நிற்கிறது, பைக்கில் வருகிறவர்கள் மெதுவாக வாருங்கள்" என்றும் வாசித்தார், பனி விழுகிறதே என்று யாரோ ஒரு பழைய குடையைக் கம்பில் கட்டி மேலே பிடிக்க வைத்தார்கள், பொங்கலுக்கு அம்மன் கோயில் காவடி அந்த வழியாக வந்தபோது ஆடி வந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் ஆட்டத்தை அடக்கி ஒதுங்கிப் போய்விட்டு, அந்தப் பக்கம் போனதும் விட்ட ஆட்டத்துக்கும் சேர்த்து ஆடினார்கள், கரண்ட் பில் எடுக்க வந்த புது ஆளுக்கு வழி சொல்லும்போது ஈக்குக் கிழக்கே மூணாவது வீடு என்றார்கள், அந்த ஆளும் வேறொன்றும் கேட்காமல் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு போனார். குழந்தைகள் அதன் அடியில் நிமிர்ந்து போனார்கள், பெரியவர்கள் சுற்றிப் போனார்கள். யாரும் அதைத் தொடவில்லை. பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்து வந்த செல்லத்துரை மட்டும் ஒருநாள் அதன் எதிரே விறைப்பாக நின்று, "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று கட்டளை போட்டுப் பார்த்தார். ஈ அவருடைய ரெஜிமெண்டைச் சேர்ந்தது இல்லை போலிருக்கிறது.

ஊர் இப்படிச் சுகமாகப் பழகத் தொடங்கிய மூன்றாம் நாளே கமலபாய் அந்தக் கயிற்றுக்குள் வந்து நின்றாள்.

கமலபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு வயது, முழங்கை வரை வெயிலில் கறுத்த கை, புகை போடாமலே தேனீப் பெட்டியைத் திறக்கிற தைரியம். அவளிடம் முப்பத்திரண்டு பெட்டி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நோய் வந்து, தேனீக் குஞ்சுப் புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே நீர்கோத்துச் செத்து, ஊரில் எல்லார் பெட்டியும் காலியானது, அவளுடையதில் முப்பத்தொன்று போனது. மிஞ்சிய ஒரு பெட்டியின் ஈக்களிடம் மட்டும் ஒரு குணம் இருந்தது. நோய் பிடித்த புழுவை மோப்பம் பிடித்து அன்றைக்கே இழுத்து வெளியே போட்டுவிடும். அந்தக் குணத்தைப் பெருக்கி, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, ஊரில் காலியாகக் கிடக்கிற பெட்டிகளையெல்லாம் நிரப்பிவிடலாம் என்று அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். அந்தப் பெட்டியின் கிழட்டு ராணி டிசம்பரில் செத்தது. ஜனவரி நாலாம் தேதி புது ராணி பொரிந்து வந்தது. வெயில் நன்றாக அடிக்கிற ஒரு மதியம் அது வெளியே பறந்து போய், வானத்தில் ஆண் ஈக்களோடு கூடிவிட்டுத் திரும்பி வந்தால், பிறகு ஆயுசு முழுதும் முட்டையிடும். வராமல் போனால் அத்தோடு பெட்டி முடிந்தது. பன்னிரண்டாம் தேதி மதியம் அது வெளியே பறந்தது. வரவில்லை.

காக்கை கொத்தியிருக்கும் என்று அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கடைக்குப் போகிற வழியில் ஊரார் சொல்கிற அதிசயத்தை எட்டிப் பார்த்தவள், நீண்ட வயிற்றையும் குட்டைச் சிறகையும் பார்த்து, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தீப்பெட்டியைத் திறந்து அதை மெல்ல உள்ளே தள்ளப் பார்த்தாள். பாறையைத் தள்ளுவதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாள். நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள்.

தாசையன் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். ராணி என்று தெரியாது என்றார். அவளோடு வந்து, எதிரே நின்று, "ஆச்சு, போலாம்" என்று மூன்று முறை சொன்னார். ஈயின் மீசைகூட அசையவில்லை. படம் முடியாமல் ராணி போகமாட்டாள், உட்கார்ந்த ஆள் படம் முடிந்துதானே எழுந்திருப்பார், முடித்துவிட்டால் தானாகப் போவாள் என்று சொன்னார். அவர் சொன்னதைக் கமலபாய் நம்பினாள். முப்பது வருஷமாக ஊரே நம்புகிற ஆள் அவர்.

நம்பியதோடு நிற்காமல் வேலையிலும் இறங்கினாள். பைப் கனத்தில் கேமரா ஆடி முதல் மூன்று நாள் படம் எதுவும் தேறவில்லை என்று தெரிந்ததும், தன் வீட்டு ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினைப் பெயர்த்து, செல்லத்துரையும் இன்னும் நாலு பேரும் சுமக்க, பாதை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அந்த மிஷினில் ஷீட்டின் கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி உண்டு. அதன்மேல் பலகை வைத்துக் கேமராவைக் கட்டி, ஆணியைக் கால் சுற்றுத் திருகினால் கேமரா ஒரு முடி அளவு நகரும். பால் கவர் கட்டிய கம்பியை அவளே பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சத்தில்தான் சிக்கல். தேவாலயத்துக் கோபுர நிழலுக்கும் பலாமர நிழலுக்கும் நடுவே, இரண்டு இருபதிலிருந்து இரண்டு ஐம்பது வரைதான் வெயில் ராணியின்மேல் விழும். அந்த அரை மணியில் பன்னிரண்டு படம் எடுக்கலாம். தாசையன் வால் நுனியிலிருந்து ஆரம்பித்தார். முகத்தைக் கடைசிக்கு வைத்தார், நல்லதைக் கடைசியில் சாப்பிடுகிற ஆள் அவர்.

எடுத்த துண்டுகளை அன்றன்று இரவே கம்ப்யூட்டரில் சேர்த்து மறுநாள் காட்டுவார். வயிற்றின் வளையம் வளையமான பட்டை வந்தது, சிறகின் நரம்பு வந்தது, முதுகில் பொன்னிறமான பூமயிர் ஒவ்வொன்றும் வந்தது. பார்க்க ஊரே ஸ்டுடியோவில் கூடியது. கமலபாயும் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவள் காலையில் பெட்டி வாசலில் உட்கார்ந்து, பத்து நிமிஷத்தில் எத்தனை ஈ வெளியே போகிறது என்று எண்ணிவிட்டு வந்திருப்பாள். முதல் நாள் அறுபது, பிறகு ஐம்பது, பிறகு முப்பத்தெட்டு. புதிதாய்ப் பிறக்க ஒன்றும் இல்லை, இருப்பது செத்துக்கொண்டிருந்தது. அசையாமல் நிற்பவளுக்கு வயது ஏறாது என்று டீக்கடையில் ஒரு கட்சி பேசியது. அவளுக்கு ஏறாது, எனக்க பெட்டிக்கு ஏறுதே என்று கமலபாய் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடிக்கப் போனாள்.

இருபத்திமூன்றாம் தேதி டெய்லர் மகளுக்குக் கல்யாணம். தாசையன் பைப்பைக் கழற்றிவிட்டு, சாதாரண லென்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நடுவில் வைத்து, தேவாலயப் படியில் ஐம்பது பேரை நிறுத்தி, "அசையாதீங்க" என்றார். கமலபாய் மூன்றாவது வரிசையில் நின்றாள். "ஆச்சு" என்றார். யாரும் அசையவில்லை. அந்த நேரம் பந்தி நடத்துகிறவர் வந்து கறி தீர்ந்துவிட்டது என்று காதில் சொல்ல, தாசையன் கேமராவோடு அப்படியே திரும்பிப் பேசப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் போனது. பெண்ணின் சிரிப்பு வலிக்க ஆரம்பித்தது, மாப்பிள்ளை வீட்டு வெளியூர்க்காரர்கள் இறங்கிப் போய்க் கை கழுவினார்கள், எங்கள் ஊர் ஆட்களில் ஒருவர்கூட இறங்கவில்லை. அவர் திரும்பி வந்து பையிலிருந்து மூடியை எடுத்து டக்கென்று போட்டார். மொத்த ஊரும் மூச்சுவிட்டது. கமலபாய் மட்டும் படியிலேயே நின்றாள். அவள் கண்முன்னால் அந்தப் பிளம்பிங் பைப் வந்தது. அதற்கு மூடியே கிடையாது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தாள். அடையில் இரண்டு அறைகளில், ஒவ்வொன்றிலும் மூன்று மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தது. ராணி ஓர் அறையில் ஒரு முட்டைதான் வைப்பாள். இது, ராணி இல்லை என்று முடிவுகட்டிவிட்ட வேலைக்கார ஈக்கள் இட்டது. அதில் ஆண் ஈ மட்டும்தான் பிறக்கும். இது பெருகிவிட்டால் நாளைக்கு ராணியே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். அவள் பெட்டியை மூடிவிட்டு, அடுக்களையில் தேன் குப்பிகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் போனாள்.

இரண்டு இருபதுக்குத் தாசையன் திருகாணியில் கை வைத்திருந்தார். முகம் மட்டும் பாக்கி, இன்று ஒரு பன்னிரண்டு, நாளைக்கு ஒரு பன்னிரண்டு. வேடிக்கை பார்க்க வழக்கமான கூட்டம் நின்றது. கமலபாய் கம்பியைப் பிடிக்கவில்லை. தேன் குப்பியின் மூடி ஒன்றை அவர் முன்னால் மிஷின்மேல் வைத்தாள்.

"அண்ணா, பைப்புக்கு மூடி இல்லாமதான் அவ நிக்கா. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தாசையன் மூடியைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம், அவர் சொன்னால் ஊர் நம்பியிருக்கும்.

"தெரியும்" என்றார். "மூணாம் நாளே தோணிச்சு. மூடி போட்டா போயிடுவான்னுதான் செய்யல்லை. கமலம், ரெண்டே நாள் தா. முகம் மட்டும்தான். முப்பது வருஷத்துல எனக்க கையால முகம் கெட்ட படம் ஒண்ணுகூட..."

"எனக்க கல்யாணப் படத்துல எனக்க முகம் கலங்கித்தான் இருக்கு."

அவர் நிமிர்ந்தார்.

"அன்னைக்கு நாகர்கோவில் வண்டி வந்துட்டுன்னு அவசரத்துல நீங்க எடுக்கதுக்கு முந்தியே மூடியப் போட்டு, ஒடனே கழத்தி எடுத்தீங்க. நான் அந்நேரம் எங்க அம்மையத் திரும்பிப் பாத்தேன். இருபத்தியாறு வருஷமா சொவத்துல தொங்குது, முகம் இல்லாம. உங்களுக்கு மனசு நோவுமேன்னு யாரும் சொல்லல்லை. அதுக்காக நான் வாழாமலா போயிட்டேன்? மூணு பெத்தேன், முப்பத்திரண்டு பெட்டி வளத்தேன். அவளையும் விடுங்க அண்ணா. இன்னைக்கு வெயில் போச்சுன்னா எனக்க பெட்டி போச்சு."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கூட்டத்தில் அந்தக் கல்யாணப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தாசையன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவருடைய நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த முகங்கள்தான் எல்லாம். இவர்கள் இத்தனை வருஷம் தன் பெருமையை உடையாமல் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக, அந்த ராணியின் முகத்தைப் பார்க்காமல் விடுகிறோமே என்று இருந்தது. பைப்புக்குள் ஒரு தடவை கண்ணை வைத்தார். கலங்கலாக இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. திருகாணியை அவர் தொடவில்லை.

மூடியை எடுத்தார். பைப்பும் தேன் குப்பி வாயும் ஒரே அளவு.

டக்.

ராணி, நடுவில் பன்னிரண்டு நாள் போனதே தெரியாதவள்போல, விட்ட இடத்திலிருந்து பறந்து, இலை உதிர்ந்து நின்ற ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறி, வெயிலுக்குள் போய்விட்டாள். குடை தேவையில்லாமல் நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கமலபாய் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார, அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித் தாசையன் உட்கார, தாசையனுக்குப் பின்னால் ஊர் உட்கார்ந்தது. மூன்றே கால் மணிக்கு ராணி திரும்பி வந்து பலகையில் இறங்கி, வாசலில் காவலுக்கு நின்ற நாலைந்து ஈக்கள் மோந்து பார்க்க இடம் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள். கமலபாய் அப்போதுதான் அழுதாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

தாசையன் படத்தைத் தூக்கிப் போடவில்லை. வால் நுனியிலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு மயிரும் தெளிந்து, முகம் மட்டும் கலங்கிய அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். முகம் என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம், அவசர வேலை இருந்தது, போய்விட்டாள் என்பார்.

நாலு நாள் கழித்துக் கமலபாயே ஸ்டுடியோவுக்கு வந்து, கேமராவை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். பெட்டியைத் திறந்து அடை கட்டிய ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தாள். அறைக்கு ஒன்றாக, அடிப்பாகத்தில் நட்டுக்குத்தலாக, வெள்ளை நூலை நறுக்கி நிறுத்தினதுபோல முட்டைகள் நின்றன. அடை முழுதும் நின்றன. நோயைத் தூக்கி வெளியே எறிகிற சந்ததி இது. மூன்று நாளில் சாய்ந்து, புழுவாகி, கூடாகி, மூன்று வாரத்தில் பறக்க வேண்டும்.

தாசையன் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைப்பை ஓர் அறைக்கு நேரே கொண்டுபோனார். கண்ணை வைத்தார். முடி கனத்துக்குள் முழு முட்டையும் அடங்கியது, ஒரே படம் போதும். மூச்சை இழுத்துப் பிடித்து, முப்பது வருஷப் பழக்கத்தில் வாயைத் திறந்தார்.

கமலபாய், தேன் ஒட்டிய கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"எடுங்க. ஒண்ணும் பறையாம எடுங்க."

அவர் தலையை ஆட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. தாசையன் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் அவள் மற்றொரு கையை அவர் சட்டைப்பைக்குள் விட்டு மூடியை எடுத்து, தானே பைப்பில் போட்டாள், சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று கழற்றி இன்னொரு தடவையும் போட்டாள்.